பள்ளிக் குழாயடியில் ஒரு சோப்பு
வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: என் மகள் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இந்தப் பருவத்தில் அவளுக்கு இரண்டு முறை வயிற்றுப்போக்கு வந்துவிட்டது. கை கழுவும் முறையைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் குழாயடியில் பெரும்பாலும் சோப்பு இருப்பதில்லை. இருக்கும் நாளிலும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே சோப்பைத்தான் தொடுகிறார்கள். பையில் சானிடைசர் வைத்து அனுப்பினால் போதுமா?
– ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: போதாது, சகோதரி. சானிடைசரில் உள்ள ஆல்கஹால், கொழுப்புறை கொண்ட சளிக்காய்ச்சல் வைரஸ் போன்றவற்றை விரைவில் அழித்துவிடும். ஆனால் வயிற்றுப்போக்கு தரும் நோரோ வைரஸுக்கு அத்தகைய உறை கிடையாது என்பதால் அது எளிதில் சாவதில்லை. குடற்புழுவின் முட்டையும் அப்படித்தான். மண்ணும் அழுக்கும் படிந்த கையில் சானிடைசரின் வேலை இன்னும் குறைந்துவிடும். இவற்றைச் சோப்பால் தேய்த்து, ஓடும் நீரில் கழுவித்தான் அகற்ற முடியும்.

பொதுச் சோப்பைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டாம். அதன் மேல் கிருமி ஒட்டியிருந்தாலும், நுரை வரத் தேய்த்துக் கழுவும்போது கை அழுக்கோடு சேர்ந்து அதுவும் போய்விடும். உண்மையான சிக்கல், அந்தச் சோப்பு சாக்கடையில் விழுந்தோ காணாமலோ போவதும், அதனாலேயே அது அலமாரிக்குள் பூட்டப்படுவதும்தான். சோப்பை ஒரு நைலான் வலைப்பையில் போட்டுக் குழாயிலேயே கட்டிவிட்டால் அது தொலையாது, தண்ணீரில் ஊறிக் கரையவும் செய்யாது. அதற்கும் வழியில்லாத இடத்தில், பழைய தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் சோப்புத்தூளைக் கரைத்து, மூடியில் துளையிட்டு வைத்தால், பிழிந்து பயன்படுத்தப் பிள்ளைகளே பழகிக்கொள்வார்கள்.

லாரித் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பயன்படுத்தும் நம் வடசென்னைப் பகுதிகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே வாளியில் நாற்பது பிள்ளைகள் கையை முக்கி எடுப்பது கழுவுவதாகாது. முதல் கையின் கிருமியை மற்றக் கைகளுக்குப் பங்கிடுவதாகவே அது முடியும். குழாய் வைத்த டிரம் வேண்டும், அல்லது ஒருவர் மக்கில் மொண்டு ஊற்ற மற்றவர் கழுவ வேண்டும். விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் தேய்க்க 20 விநாடிகளாவது தேவை.

எப்போது கழுவுகிறார்கள் என்பதுதான் எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுகிறது: கழிப்பறைக்குப் போய் வந்த பிறகும், தட்டைக் கையில் எடுக்கும் முன்பும். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பள்ளியிலேயே இருவேளை சாப்பிடுகிறார்கள். மதியம் கழுவச் சொல்லும் பள்ளிகளில்கூட, தெருவில் விளையாடிவிட்டு நேராகக் காலை வரிசைக்கு வரும் பிள்ளைகளின் கை விட்டுப்போகக் கூடும். இதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தயங்காமல் எழுப்புங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்தான்.

கேள்வி: மகனுக்கு அம்மை போட்டு, மூன்றாம் தண்ணீரும் ஊற்றிவிட்டோம். காய்ச்சல் இல்லை. தேர்வு இருப்பதால் பள்ளிக்கு அனுப்பலாமா?
– ஒரு வாசகர், காசிமேடு

பதில்: தண்ணீர் ஊற்றிய கணக்கை விட்டுவிட்டு, கொப்புளத்தைப் பாருங்கள், ஐயா. வேப்பிலையும் நீராட்டும் உங்கள் வீட்டு வழக்கம். அதில் நான் குறுக்கிடவில்லை. ஆனால் சின்னம்மை, கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை பிறருக்குத் தொற்றும். பெரும்பாலும் அதற்கு ஐந்து முதல் ஏழு நாட்கள் ஆகும், அதுவரை அனுப்பாதீர்கள். வகுப்பாசிரியரிடம் இன்றே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் இதுவரை அம்மை வராத கர்ப்பிணி ஆசிரியை யாரேனும் அங்கே இருந்தால் அவர் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டியிருக்கும். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கவே கூடாது. பொன்னுக்கு வீங்கி வந்தாலும் இதே கட்டுப்பாடுதான்: வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாள் வீட்டில் இருக்க வேண்டும்.

கேள்வி: மெட்ராஸ் ஐ வந்த பிள்ளையைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமா?
– ஒரு மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: பார்வையால் ஒட்டாது. கண்ணைக் கசக்கிய கை, அந்தக் கை பட்ட பென்சில், ஒரே துண்டு, ஒரே கர்ச்சீப் ஆகியவற்றின் வழியாகத்தான் பரவும். கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைக் குறைக்குமே தவிர, தொற்றைத் தடுக்காது. உன் தோழிக்கு வந்திருந்தால் அவளிடம் முகம் திருப்பாதே. அவளுடைய துண்டை மட்டும் தொடாதே, உன் கண்ணில் கை வைக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்.