கேஜ்: நம்பர் ஏறினால் மெலியுமா, தடிக்குமா?

(தொழிற்பயிற்சி நிலையத்தில் பல வருடம் ஃபிட்டர் பாடம் நடத்தியவர், 'கேஜ்' பற்றி வந்த கேள்விகளுக்குத் தரும் பதில்கள்.)

கேள்வி: ஐயா, தோட்டத்து வேலிக்கு 10 கேஜ் கம்பி கேட்டேன். கடைக்காரர் 12 கேஜைக் காட்டி, "நம்பர் பெரிசு, இன்னும் உறுதி" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். கம்பியில் நம்பர் ஏற ஏற மெலியும். எஸ்.டபிள்யூ.ஜி. (ஸ்டாண்டர்ட் வயர் கேஜ் என்ற பிரிட்டிஷ் அளவுமுறை) கணக்கில் 10 கேஜ் 3.25 மி.மீ., 12 கேஜ் 2.64 மி.மீ. அதாவது குறுக்குவெட்டுப் பரப்பில் பார்த்தால், இரும்பில் மூன்றில் ஒரு பங்கு போச்சு! கம்பியை அச்சுத் துளைகள் வழியே இழுத்து இழுத்துத்தான் மெலிய வைப்பார்கள். எத்தனை இழுப்பு என்ற கணக்கே ஆரம்பத்தில் நம்பரானது. கடைக்காரர் தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா, அது உங்களுக்கும் அவருக்கும்.

கேள்வி: எலக்ட்ரீஷியன் 3/22 வயர் என்று சீட்டில் எழுதித் தந்தார். கடையில் ஸ்கொயர் எம்எம் கேட்கிறார்களே?

பதில்: 22 கேஜ் இழை மூன்று என்று அர்த்தம். பரப்பு சுமார் 1.19 ச.மி.மீ. வரும். 1.5 வாங்குங்கள்.

கேள்வி: ரத்த தானத்தில் 16 கேஜ் ஊசி என்றார்கள். அம்மாவின் இன்சுலின் ஊசி 31 கேஜ். எது பெரிது?

பதில்: ஊசியும் கம்பி வம்சம்தான், தம்பி. 16 கேஜ் 1.65 மி.மீ. தடிமன், 31 கேஜ் கால் மி.மீ. ஒரு பை ரத்தம் சீக்கிரம், அணுக்கள் சிதையாமல் இறங்க வேண்டுமே, அதனால்தான் தடித்த ஊசி.

கேள்வி: திருப்பூரில் நிட்டிங் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். '30 டயா, 24 கேஜ்' என்கிறார்கள். எதன் தடிமன் சார் அது?

பதில்: எதன் தடிமனும் இல்லை. அங்கே கேஜ் என்றால் ஓர் அங்குலத்தில் எத்தனை ஊசி என்பது. டயா என்பது சிலிண்டரின் விட்டம், அங்குலத்தில். 30 அங்குல வட்டத்தின் சுற்றளவு சுமார் 94 அங்குலம். அதை 24-ஆல் பெருக்குங்கள், கிட்டத்தட்ட 2,260 ஊசி! கேஜ் கூடினால் ஊசிகள் நெருங்கும். அப்புறம் தடித்த நூல் ஓடாது, மெல்லிய நூல்தான். ஆக இங்கேயும் நம்பர் ஏறினால் துணி மெலிகிறது, ஆனால் காரணம் வேறு.

கேள்வி: அப்படியென்றால் தரைக்கு அடியில் விரிக்கும் 1000 கேஜ் பாலித்தீன் ஷீட் சவ்வு மாதிரி இருக்குமா?

பதில்: நல்ல கேள்வி! பாலித்தீன் ஷீட்டில் கதை தலைகீழ். நாலு கேஜ் ஒரு மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 1000 கேஜ் என்றால் 250 மைக்ரான், கெட்டியான ஷீட். 200 கேஜ் வெறும் 50 மைக்ரான்.

கேள்வி: ரயில் கேஜ்?

பதில்: தண்டவாளங்களின் உள்முகங்களுக்கு இடையே உள்ள தூரம். பிராட் கேஜ் 1676 மி.மீ., சென்னை மெட்ரோ 1435, ஊட்டி மலை ரயில் 1000.

கேள்வி: பஞ்சரான டயரில் காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் பூஜ்யம் காட்டுகிறதே, உள்ளே காற்றே இல்லையா?

பதில்: இருக்கிறது. வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் அழுத்தம் என்பதை மட்டும்தான் அந்தக் கேஜ் காட்டும். 32 என்று காட்டும்போது, வெளிக்காற்றின் 14.7-ஐயும் சேர்த்தால் உள்ளே சுமார் 47 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு).