பல்செட் ஆடினால் இம்ப்ளான்ட் போச்சா?

கேள்வி: அம்மாவுக்குக் கீழ்த்தாடையில் 2 இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் டைட்டானியச் செயற்கை வேர்) வைத்து, அதன்மேல் கழற்றி மாட்டும் பல்செட் போட்டோம். முதலில் ‘டக்’கென்று பிடித்தது. ஒன்றரை வருடத்தில் களி சாப்பிட்டாலே தூக்குகிறது. இம்ப்ளான்ட் கெட்டுவிட்டதா?
- வாசகி, பென்னாகரம்

பதில்: பெரும்பாலும் தேய்ந்தது நைலான் வளையமாகத்தான் இருக்கும். பல்செட்டைத் திருப்பிப் பாருங்கள்: உள்பக்கம் இரண்டு சின்ன உலோகக் குப்பிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நைலான் வளையம். ஈறில் நீட்டிக்கொண்டிருக்கும் குமிழைக் கவ்விப் பிடிப்பது அதுதான். விளிம்பு பிய்ந்தோ நசுங்கியோ இருந்தால் மாற்றிவிடலாம், சில நிமிட வேலை. வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டி வருவது சகஜம். இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பலருக்கும் ‘இவ்வளவு செலவழித்தும் ஏமாந்தோமே’ என்ற மனக்குறை.

லொக்கேட்டர் என்ற வகைக் குமிழில் நீல வளையத்துக்கு 1.5 பவுண்டு பிடிமானம், பிங்க் 3, நிறமில்லாதது 5. ‘இருக்கிறதிலேயே இறுக்கமானதைப் போடுங்க’ என்று கேட்காதீர்கள். மூட்டுவலிக் கையால் கழற்ற வராது, ராத்திரியும் வாயிலேயே கிடக்கும், ஈறு புண்ணாகும். கடித்து மாட்டும் பழக்கமும் கூடாது. கோணலாக இறங்கி வளையம் ஒரு பக்கம் பிய்ந்துவிடும். இரண்டு பக்கமும் விரலால் ஒரே சமயத்தில் அழுத்தி மாட்டச் சொல்லுங்கள்.

வளையம் மாற்றியும் ஆடுகிறதா? கடைவாய்ப் பற்களின் மேல் விரலால் அழுத்துங்கள். முன்பக்கம் எழும்பினால், அடியில் எலும்பு கரைந்து இடைவெளி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பல்செட்டின் அடிப்பாகத்தை ரீலைன் செய்யாவிட்டால் (ஈறோடு பொருந்தும்படி அந்த இடைவெளியை நிரப்பாவிட்டால்), புது வளையமும் சீக்கிரமே போய்விடும். ஈறிலுள்ள குமிழே அசைந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். குமிழின் திருகு தளர்ந்திருக்கலாம், இம்ப்ளான்டே எலும்பை விட்டிருக்கவும் கூடும்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். இம்ப்ளான்டை அரித்துவிடுமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: அந்தப் பயம் வேண்டாம். ஃப்ளோரைடோடு அமிலமும் சேர்ந்தால்தான் டைட்டானியத்துக்கு ஆபத்து. கிளினிக்கில் பூசும் அமில ஃப்ளோரைடு ஜெல்லில் ஃப்ளோரைடு 12,300 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு இத்தனை பங்கு) இருக்கும். அதைத் தவிர்த்து, அமிலமில்லாத ஜெல் கேளுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள தண்ணீர் எலும்புக்கே கேடு, அதனால் குடிக்க ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரையே பயன்படுத்துங்கள். போர் தண்ணீரில் ஊறிய பல்செட்டில் வெள்ளையாகப் படிந்தால், வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து அரைமணி ஊறவைத்து, மென்மையான பிரஷால் தேயுங்கள். செங்கல் பொடி, பல்பொடி எல்லாம் கீறல் போடும், கீறலில்தான் அழுக்கு தங்கும். ப்ளீச்சிங் கரைசலில் உலோகம் கறுக்கும். கொதிநீரில் பல்செட் கோணிக்கொள்ளும்.

கேள்வி: இம்ப்ளான்ட் மேல் கிரவுன் (பல் வடிவ உறை) போட்ட பல்லைச் சுற்றி, பிரஷ் செய்தால் ரத்தம் வருகிறது. வலி இல்லை. விட்டுவிடலாமா?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: கூடாது. எலும்பு கரையத் தொடங்கிய பிறகும் வலி இல்லாமலே போகலாம். அழுக்கோ, கிரவுன் ஒட்டும்போது ஈறுக்கடியில் தங்கிய சிமென்ட்டோ காரணமாக இருக்கலாம். ஈறு வீக்கத்தோடு நின்றிருந்தால் சுத்தம் செய்தாலே ஆறும். கரைந்த எலும்போ தானாக வளராது. கிரவுன் போட்ட நாளில் எடுத்த எக்ஸ்ரேயைத் தேடி எடுத்துப் போங்கள், புதிதாக எடுப்பதோடு ஒப்பிட அது வேண்டும்.