நடுமூளையைத் திறக்கப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. “இடது மூளை மட்டுமே வேலை செய்கிறது; நடுமூளையைத் தூண்டிவிட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டே படிப்பாள்” என்கிறார்கள் ஒரு பயிற்சி மையத்தில். கட்டணம் 25,000 ரூபாய். துண்டறிக்கையில் நியூரான், சினாப்ஸ் என்றெல்லாம் இருக்கிறது. சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். முன்பணம் கட்டியிருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

நடுமூளை என்பது மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டின் மேல்பகுதி. நீளம் சுமார் 2 சென்டிமீட்டர்தான். விளக்கைப் போட்டதும் உங்கள் மகளின் கண்பாவை சுருங்குகிறதா? சத்தம் கேட்டால் சட்டென்று திரும்புகிறாளா? இரண்டிலும் நடுமூளைக்குப் பங்கு உண்டு. பிறந்த நாள் முதல் வேலை செய்யும் உறுப்பை எவர் வந்து திறப்பது?

நியூரான் என்றால் நரம்பு செல். நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி இருக்கின்றன. ஒரு செல் அடுத்த செல்லுக்குச் செய்தி சொல்லும் இடம் சினாப்ஸ். வாய்ப்பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது அந்த இணைப்புகள்தான் வலுப்படுகின்றன.

இடது, வலது கதைக்கு வருகிறேன். இரு பாதிகளையும் சுமார் 20 கோடி நரம்பிழைகள் பாலமாக இணைக்கின்றன. அமெரிக்க மூளை ஆய்வாளர் ரோஜர் ஸ்பெர்ரிக்கு 1981-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த ஆய்வு, வலிப்புக்காக அந்தப் பாலத்தையே வெட்டிய நோயாளிகளிடம் நடந்தது. உங்கள் மகளுக்கு யாரும் எதையும் வெட்டவில்லை. அவளுக்கு இரு பாதிகளும் சேர்ந்தேதான் வேலை செய்கின்றன. சில வேலைகள் மட்டும் ஒரு பக்கம் சாயும்; பேச்சு அப்படிப்பட்டது. பெரும்பாலோருக்கு அது இடப்பக்கம். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு அப்படியே. சிலருக்கு மட்டும் வலப்பக்கம், சிலருக்கு இருபுறமும். சின்ன வயதில் இடப்பக்கம் பழுதானால் வலப்பக்கம் பேச்சை ஏற்றுக்கொள்வதும் உண்டு. அதனால்தான் வலிப்புக்கான அறுவைச் சிகிச்சைக்கு முன் பேச்சு எந்தப் பக்கம் என்று சோதிக்கிறோம். துண்டறிக்கைக்காரர்கள் இந்த ஒரு துளி உண்மையில்தான் ஒரு குடம் பொய்யைக் கலக்கிறார்கள்.

கண்கட்டு வித்தைக்கு மூக்கோரத்து இடுக்கு போதும். என்னிடம் ஒரு சிறுவனை அழைத்து வந்தார்கள். துணிக்கு அடியில் மூக்கின் இருபுறமும் பஞ்சு வைத்தேன். ஓர் எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. “கீழே பார்த்துப் படி, வீட்டில் சொல்லாதே என்றார்கள்” என்று அழுதான். பத்து வயதுப் பிள்ளைக்குப் பெற்றோரிடம் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்! இவர்களைப் பள்ளிக்குள்ளேயே மேடை போட்டு அனுமதிக்கிறார்கள். புகார் கொண்டுபோனால் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டுகிறது. எத்தனை முறை எழுதுவது?

மகளுக்குப் படிப்பதில் உண்மையிலேயே சிரமம் இருந்தால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில், குழந்தைகளின் வளர்ச்சி, கற்றல் சிரமங்களைப் பார்க்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைக் கேட்டுச் செல்லுங்கள். அங்கே கட்டணம் கிடையாது.