நாளைக்கு ஈஸ்டர், இன்றைக்குத்தான் யோசனை!

கேள்வி: அக்கா, கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்னாலேயே ஸ்டார் கட்டிவிடுகிற நான், ஈஸ்டருக்கு மட்டும் வருஷா வருஷம் பெரிய சனிக்கிழமை மத்தியானம்தான் முழித்துக்கொள்கிறேன். எங்கள் அபார்ட்மென்ட்டில் 3 வயதிலிருந்து 11 வயது வரை 12 பிள்ளைகள். பாதி வீடுகளில் முட்டை சாப்பிட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்ட்டி என்று பிள்ளைகளிடம் வாயை விட்டுவிட்டேன். ராத்திரி பூசைக்கும் போக வேண்டும். இனிமேல் என்ன செய்ய முடியும்?
– வாசகி, பெரம்பூர்

பதில்: வாயை விட்டாச்சு, இனி பின்வாங்கினால் அந்தப் பன்னிரண்டு பேரும் அடுத்த ஈஸ்டர் வரை சொல்லிக் காட்டுவார்கள். ஆனால் பதறாதீர்கள். பலூன் வளைவு, தீம் கேக், ரிட்டர்ன் கிஃப்ட் எல்லாவற்றையும் இந்த நிமிஷமே மனதிலிருந்து அழித்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு வேண்டியது தேடுவதற்கு ஏதாவது, ஓடுவதற்குக் கொஞ்சம் இடம், அவ்வளவுதான். சாயங்காலம் நாலரைக்கு ஆரம்பித்து ஆறு மணிக்கு முடித்துவிடுங்கள். திருவிழிப்பு, அதாவது அந்த ராத்திரி பூசை, முடிந்து வீடு திரும்பவே நடுநிசி தாண்டிவிடும், மறுநாள் மத்தியானம் பிரியாணி வேறு, அதற்கு முன்னால் எழுந்து உட்காரக்கூட யாருக்கும் தெம்பிருக்காது.

முட்டை தேடும் விளையாட்டுதான் பார்ட்டியே. உள்ளே மிட்டாய் போடுகிற பிளாஸ்டிக் முட்டையைத் தேடிக் கடைகடையாக அலையாதீர்கள். டீக்கடைகளில் தருகிற சின்ன பேப்பர் கப் இரண்டு பாக்கெட் வாங்குங்கள், 50 கப் இருக்கிற பாக்கெட். இரண்டு கப்பை வாயோடு வாய் வைத்துக் கலர் டேப்பால் ஒரு சுற்று ஒட்டினால் ஒரு முட்டை. ஆளுக்கு நாலு வீதம் 48 முட்டை, 96 கப் ஆகும், ஒட்டும்போது நசுங்குவதற்கும் நாலு கப் மிச்சம் இருக்கும். மூன்றில் மட்டும் கடலை மிட்டாய், ஸ்டிக்கர், ஒரு ரூபாய் நாணயம் என்று எதையாவது போடுங்கள். நாலாவது காலி. ஆட்டிப் பார்த்தால் சத்தம் வராத அந்தக் காலி முட்டையைக் கொண்டுவந்து கொடுப்பவர்களுக்குத்தான் பெரிய சாக்லேட் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏன் காலி முட்டைக்குப் பரிசு என்று ஒரு குழந்தையாவது கேட்கும். இயேசு உயிர்த்தெழுந்து கல்லறை காலியாக இருந்த கதையை அங்கேயே இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடலாம், தனியாகப் பிரசங்கம் வேண்டாம். சாக்லேட்டை மட்டும் எங்கேயும் ஒளித்து வைக்காதீர்கள். கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும், சென்னை ஏப்ரல் வெயில் அதற்கு மேலேயே போகும். வீட்டுக்குக் கிளம்பும்போது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுங்கள்.

இந்த விளையாட்டு பெரும்பாலும் அழுகையில் முடிவது எதனால் என்றால், 11 வயதுப் பையன் ஐந்தே நிமிஷத்தில் முப்பதை அள்ளிவிடுவான், 3 வயதுக்காரி வெறும் கூடையோடு நிற்பாள். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படம்: மீன், நிலா, குடை, சைக்கிள். ஸ்கெட்ச் பேனாவால் அவரவர் நாலு முட்டையிலும் அதே படத்தை வரைந்துவிடுங்கள், உன் படம் போட்டது மட்டும்தான் உனக்கு. எழுத்துத் தெரியாத குழந்தைக்கும் படம் புரியும். சின்னவர்களுடையதைச் செருப்பு ஸ்டாண்டு, பூந்தொட்டி, சைக்கிள் கூடை என்று முட்டி உயரத்தில், பாதி தெரிகிற மாதிரி வையுங்கள். பெரியவர்களுக்குத் துண்டுச் சீட்டில் குறிப்பு எழுதி அலையவிடலாம், எவ்வளவு கஷ்டமாக எழுதுகிறீர்களோ அவ்வளவு நேரம் உங்களுக்கு நிம்மதி. மீட்டர் பெட்டி, சம்ப் மூடி, லிஃப்ட், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், நிற்கிற காருக்கு அடியில், இந்தப் பக்கமே போகக் கூடாது. எங்கெங்கே வைத்தீர்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வாட்ச்மேன் அண்ணனிடமும் பெருக்க வருகிற அக்காவிடமும் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் டீ கப் குப்பை என்று நாலு மணிக்கே சுத்தமாக வாரிப் போட்டுவிடுவார்கள்.

நாலு வயதுக்கு உட்பட்டவர்களின் முட்டையில் கடலை மிட்டாய், கெட்டியான ஜெல்லி, உருண்டை மிட்டாய், நாணயம் எதுவும் வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பிஸ்கட்டும் ஸ்டிக்கரும் போதும். வேர்க்கடலை எந்தப் பிள்ளைக்காவது ஒத்துக்கொள்ளாதா என்று அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில் இன்றைக்கே கேட்டுவிடுங்கள். தேடி முடித்ததும் ஒரு லெமன் ஸ்பூன் ஓட்டம். சாப்பிட வெள்ளரிக்காய் சாண்ட்விச்சும் எலுமிச்சை ஜூஸும். கேக் வேண்டுமென்றால் பேக்கரியில் முட்டை போடாத கேக் மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள், யாரும் தேட மாட்டார்கள்.

கேள்வி: நிஜ முட்டைக்கே வண்ணம் ஏற்ற ஆசை. கலர் வாங்கக் கடை திறந்திருக்குமா தெரியவில்லை. வீட்டில் இருப்பதை வைத்துச் செய்யலாமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: தாராளமாக. கேசரிக்குப் போடுகிற கலர் பொடி அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் எங்கேயாவது இருக்கும், பாருங்கள். அரை டம்ளர் வெந்நீர், ஒரு டீஸ்பூன் வினிகர், இரண்டு சிட்டிகை பொடி. வினிகரின் புளிப்பு இருந்தால்தான் இந்தச் சாயம் முட்டை ஓட்டில் நன்றாகப் பிடிக்கும், அதனால் வினிகரை விட்டுவிடாதீர்கள். பொடி இல்லையென்றால் மஞ்சள்தூள், பீட்ரூட், ஒரு கை நிறைய வெங்காயத் தோல், எதுவானாலும் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு வடிகட்டிக்கொள்ளலாம். வெங்காயத் தோல் தருகிற காவிக் கலந்த ஆரஞ்சு, கடையில் விற்கிற எந்தக் கலரையும் விட அழகு என்பது என் கட்சி. வெள்ளை ஓட்டு முட்டையில்தான் நிறம் எடுப்பாகத் தெரியும், நாட்டு முட்டை மங்கலாக இருக்கும்.

திருவிழிப்பில் கையில் பிடித்திருப்போமே, பேப்பர் சுற்றிய மெழுகுவத்தி, அதன் மிச்சத் துண்டு வீட்டுக்கு வந்திருக்கும் இல்லையா? அதன் நுனியை வைத்து, வேகவைத்து ஆறிய முட்டையில் பிள்ளையின் பெயரை அழுத்தி எழுதுங்கள். எழுதியது கண்ணுக்கே தெரியாது. சாயத்தில் பத்து நிமிஷம் கிடந்து வெளியே வரும்போது மெழுகு பட்ட இடத்தில் மட்டும் நிறம் ஏறாமல் பெயர் வெள்ளையாக நிற்கும், அப்போது பிள்ளைகள் போடுகிற கூச்சலுக்காகவே இதைச் செய்யலாம். இந்த முட்டைகள் மேஜை அலங்காரத்துக்கு மட்டும். 32 டிகிரிக்கு மேல் போகிற வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த அவித்த முட்டையைச் சாப்பிடக் கொடுக்காதீர்கள். விரிசல் விடாமல் உடனே ஃபிரிட்ஜில் வைத்தது ஒரு வாரம் தாங்கும்.

கேள்வி: பேத்தி முயல் முகமூடி கேட்கிறாள். "முயலுக்கும் உயிர்த்தெழுதலுக்கும் என்ன சம்பந்தம், வேதத்தில் எங்கே இருக்கிறது?" என்று என் வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார்.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: வேதத்தில் இல்லை, அவர் சொல்வது சரிதான். முட்டை கொண்டுவருகிற முயல் ஜெர்மன் நாட்டு வழக்கம், 1682-ல் வெளிவந்த ஒரு நூலிலேயே அதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அங்கிருந்து குடியேறியவர்களோடு அமெரிக்காவுக்குப் போய், பிறகு சாக்லேட் கடைகள் வழியாக நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது. முட்டைக்குச் சபையோடு உறவு உண்டு. பழைய காலத்தில் ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான தவக்காலம் முழுக்க முட்டையும் விலக்கு, ஆனால் கோழி சும்மா இருக்குமா, ஈஸ்டர் வரும்போது வீடு நிறைய முட்டை.

முகமூடியை நீங்களே காகிதத்தில் வெட்டிக் கொடுத்துவிடுங்கள், ஐந்து வயதுக் குழந்தையிடம் இறையியல் பேச வேண்டாம். தாத்தாவுக்கு வேறு வேலை கொடுக்கலாம். ஒரு தாம்பாளத்தில் மண் பரப்பி, சிரட்டையைச் சாய்த்துக் கவிழ்த்து, வாசலில் தட்டையான கல்லை வைத்தால் கல்லறை தயார். உள்ளே ஒரு வெள்ளைத் துணித் துண்டு மட்டும். கல்லைப் புரட்டிவிட்டுக் கதை சொல்லும் பொறுப்பை அவரிடமே விட்டுவிடுங்கள், சத்தம் தானாகக் குறையும்.

கேள்வி: ஈஸ்டர் ஏன் வருஷத்துக்கு ஒரு தேதியில் வருகிறது? காலண்டர் பார்க்காவிட்டால் தெரிவதே இல்லை.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மார்ச் 21 அல்லது அதற்குப் பிறகு வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு, அதுதான் கணக்கு. பௌர்ணமியைச் சபையின் அட்டவணைப்படி எடுப்பார்கள். அதனால் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறும் ஈஸ்டராக இருக்கலாம். 2026-ல் ஏப்ரல் 5, 2027-ல் மார்ச் 28. பெரம்பூர் சகோதரி இப்போதே ஃபோனில் குறித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: பக்கத்து வீட்டு ஈஸ்டர் பார்ட்டிக்கு என் பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாங்கள் இந்துக்கள், வழக்கம் தெரியாது. என்ன வாங்கிக்கொண்டு போவது?
– வாசகி, மதுரை

பதில்: ஒன்றும் வாங்க வேண்டியதில்லை, மனசு கேட்கவில்லை என்றால் கொஞ்சம் பழம். ஞாயிற்றுக்கிழமை "ஹேப்பி ஈஸ்டர்" சொல்லலாம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மட்டும் "ஹேப்பி குட் ஃபிரைடே" என்று மெசேஜ் தட்டிவிடாதீர்கள், அது இயேசு சிலுவையில் இறந்த நாள், அன்றைக்கு வாழ்த்து கிடையாது. முட்டை சாப்பிட மாட்டீர்கள் என்றால் முன்னாடியே சொல்லிவிடுங்கள். ஆறு மணிக்கு முடியும் என்றால் ஆறு மணிக்கே போய்ப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், ராத்திரி பூசைக்குப் போன அந்த வீட்டு அம்மா முந்தின நாளிலிருந்து சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்.