பழைய கைமரத்தில் காய்கறிப் பாத்தி

கேள்வி: எங்கள் ஓட்டு வீட்டைப் பிரித்ததில் 4 x 2 அங்குலத் தேக்குக் கைமரங்களும், பெயிண்ட் அடித்த நிலைச் சட்டங்களும் மிஞ்சியிருக்கின்றன. கொல்லையில் 8 x 4 அடியில் மேட்டுப்பாத்தி கட்டலாமா? கரையான் அரித்துவிடாதா? – ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: தாராளமாகக் கட்டலாம். ஆனால் பெயிண்ட் அடித்த சட்டங்களைத் தொடாதீர்கள். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். பழைய பெயிண்டைச் சுரண்டினால் ஈயத் தூள் மண்ணில் விழும். அதில் கீரை விதைக்கக் கூடாது.

கைமரங்களை ஒவ்வொன்றாக ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். வைரம் பாய்ந்த பகுதியில் முனை இறங்காது. ஓரத்தில் வெளுத்திருக்கும் வெளிறு பொதபொதவென்று உள்வாங்கும். கரையான் முதலில் பிடிப்பது அதைத்தான். அதைச் செதுக்கி எறியுங்கள். பழைய ஆணிகளைப் பிடுங்கிய பிறகே ரம்பம் வையுங்கள்.

ஓர் அடி உயரத்துக்கு மூன்று வரிசை வேண்டும்: 8 அடியில் 6, 4 அடியில் 6, மொத்தம் 72 அடி. நான்கு மூலைக்கும், நீளப் பக்கங்களின் நடுவுக்கும் சேர்த்து ஓர் அடி முட்டுக்கட்டை 6. நடுக்கட்டை இல்லையென்றால் மழையில் ஊறிய மண் பக்கங்களைத் தள்ளி வயிறு வைத்துவிடும். எதிரெதிர் நடுக்கட்டைகளை ஜி.ஐ. கம்பியால் இழுத்துக் கட்டுங்கள்.

ஆணி வேண்டாம், மரம் ஊறி உலர்வதில் கழன்றுவிடும். மூன்றரை அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ 60 வாங்குங்கள். காய்ந்த தேக்கு பிளக்கும் என்பதால் 5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3.5 மி.மீ. துளை போட்டுவிட்டு முடுக்குங்கள்.

இனி கரையான். சட்டமோ முட்டுக்கட்டையோ தரையில் படவே கூடாது. சுற்றிலும் ஒரு வரிசை செங்கல் அடுக்கி அதன்மேல் உட்காரவையுங்கள். உள்பக்கச் சுவருக்கு மட்டும் கெட்டிப் பாலித்தீன் விரியுங்கள். அடியை மூடினால் நீர் தேங்கி வேர் அழுகும். கரையான் ஏறினால் செங்கல்மேல் மண் வரி தெரியும், வாரம் ஒருமுறை பார்த்துத் துடைப்பத்தால் தட்டிவிடுங்கள். கழிவு எஞ்சின் ஆயில் பூசச் சொல்வார்கள். உணவுப் பயிருக்கு அது ஆகாது.

இணையத்தில் காட்டுவதுபோல அடியில் அட்டைப்பெட்டியும் மரக்கட்டையும் போட்டு நிரப்பாதீர்கள். குளிர் நாட்டில் அது சரிவரலாம். நம் ஊரில் கரையானுக்குப் பந்தி விரித்ததுபோல் ஆகும். மட்காத சாணியும் அப்படித்தான்.

பாத்திக்குச் சுமார் 30 கன அடி கலவை பிடிக்கும். செம்மண், நன்கு மட்கிய தொழுவுரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. 5 கிலோ நார்க்கட்டி 4 போதும். ஊறவைத்து உப்புநீரை இரண்டு முறை வடித்துவிட்டுக் கலக்குங்கள். ஒரு மாதத்தில் கலவை ஓரிரு அங்குலம் இறங்கும். மேலே தொழுவுரம் போட்டு நிரப்புங்கள்.

கேள்வி: சரக்கு வந்த பேலட் பலகையில் இதையே செய்யலாமா? – ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: முத்திரையைப் பாருங்கள். ‘ஹெச்.டி.’ (HT) என்றால் வெப்பத்தில் பதப்படுத்தியது, பயன்படுத்தலாம். ‘எம்.பி.’ (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வேண்டாம். முத்திரையே இல்லாததையும் எண்ணெய்க் கறை உள்ளதையும் ஒதுக்குங்கள். பேலட் பெரும்பாலும் மென்மரம், பலகையும் மெல்லியது. இரண்டு அடிக்கு ஒரு முட்டுக்கட்டை கொடுங்கள். தேக்கின் ஆயுளை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.