500 ரூபா டிக்கெட் அநியாயமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: ஊரில் பெரிய மெட்ச் வந்தால் டிக்கெட்டுக்கு எவ்வளவு கேட்பது? அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, பக்கம் முழுவதையும் இதற்கே விட்டுவிட்டேன். பழைய கோல்கீப்பர் ஒருவனிடம் கேட்டால் வேறு என்ன நடக்கும்?

கேள்வி: எங்களுடையது சின்ன உதைபந்தாட்டக் கழகம். நொக் அவுட் கிண்ணப் போட்டியில் இரண்டு சுற்றுத் தாண்டிவிட்டோம். அடுத்த சுற்றுக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய கழகம் எங்கள் மைதானத்துக்கே வருகிறது. வழமையாக டிக்கெட் 100 ரூபா. இப்படி ஒரு நாள் இனிக் கிடைக்காது, 500 வைப்போம் என்கிறார் பொருளாளர். பழைய ஆட்டக்காரர்கள் 100 ரூபாவிலிருந்து அசைய மாட்டோம் என்கிறார்கள். தலைவரோ கதவைத் திறந்துவிட்டு உண்டியல் வைப்போம் என்கிறார். யார் சொல்வது சரி?
(கழகச் செயலாளர், திருக்கோவில்)

பதில்: மூவரிடமும் முதலில் ஒரு தாளையும் பேனையையும் கொடுங்கள். மைதானத்தைச் சுற்றிப் படங்கு கட்ட வாடகை, தடி, கயிறு, ஒலிபெருக்கி, நடுவர்மாருக்கான கொடுப்பனவு, வருகிற அணிக்குச் சாப்பாடு, முதலுதவி, தண்ணீர், டிக்கெட் அச்சுக்கூலி எல்லாவற்றையும் எழுதிக் கூட்டட்டும். மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ, டிக்கெட் விற்பதற்கு அனுமதி, வரி ஏதும் உண்டா என்று முன்கூட்டியே போய்க் கேட்டுவிடுங்கள், மெட்ச் அன்று பின்னேரம் கேட்டடியில் வைத்து அதைப் பேசக்கூடாது. செலவுத் தொகை தெரியாமல் 500, 100 என்று சண்டை பிடிப்பது பெண் பார்க்காமலே கல்யாணத்துக்கு நாள் குறிக்கிற கதைதான்.

இனிப் பொருளாளருடைய கணக்கைப் பார்ப்போம். நீங்கள் 1,500 பேர் வருவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 100 ரூபா என்றால் ஒன்றரை இலட்சம். 500 ரூபா என்றால் ஏழரை இலட்சம் என்று அவர் மனதுக்குள் பெருக்கியிருப்பார். ஆனால் 500 ரூபாவுக்கு அதே 1,500 பேர் வருவார்களா? நாள் கூலிக்குப் போகிறவர் இரண்டு பிள்ளைகளோடு வந்தால் 1,500 ரூபா, அதோடு கச்சான், ஐஸ் பழம், போக வர ஓட்டோக் காசு. என் ஊகத்தில் 400 பேர் உள்ளே வருவார்கள், மிச்சப் பேர் மதிலிலும் மரத்திலும் ட்ரக்டர் பெட்டியிலும் நிற்பார்கள். 400 பேர் என்றால் இரண்டு இலட்சம். ஆக, அந்த 50,000 ரூபாவுக்காக ஊரில் 1,100 பேரை வேலிக்கு வெளியே நிறுத்துகிறீர்கள். என் ஊகம் பிழையாகவும் இருக்கலாம், உங்கள் ஊரை நீங்கள்தான் அறிவீர்கள். இரண்டு விதமாகவும் பெருக்கிப் பார்க்காமல் விலை வைக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

இதில் எனக்கு ஒரு பழைய வடு உண்டு. மட்டக்களப்பில் நான் விளையாடிய கழகத்தில் (பெயர் வேண்டாம், பாதிப் பேர் இன்னும் இருக்கிறார்கள்) ஒரு இறுதிப் போட்டிக்கு 20 ரூபா டிக்கெட்டை அன்று பின்னேரம் கூட்டத்தைக் கண்டதும் 50 ஆக்கினார்கள். எனக்குக் கையில் முறிவு, விளையாட முடியாது, அதனால் பிஸ்கட் டின்னோடு கேட்டில் நிற்கவிட்டார்கள். கரைவலைக்குப் போகிற ஒருவர் இரண்டு பெடியன்களோடு வந்தார், சட்டைப் பையில் அளவாக 60 ரூபா எடுத்து வைத்திருந்தார். 150 என்றதும் ஒரு சொல் பேசவில்லை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். அன்று விடியற்காலையில் சுண்ணாம்பு வாளியும் கயிறுமாக மைதானத்துக்குக் கோடு போட்டவர் அவர்தான், ஒவ்வொரு மெட்சுக்கும் சும்மா வந்து போடுகிறவர். அடுத்த கிழமை லீக் மெட்ச். கோடு இல்லை. நடுவர் வந்து நின்றுகொண்டு எங்கே பெனால்டிப் பெட்டி என்று கேட்கிறார், நாங்கள் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்க்கிறோம்.

சின்னக் கழகத்துக்கு வாடிக்கையாளர் என்று தனியாக ஒரு கூட்டம் இல்லை. டிக்கெட் வாங்குகிறவர்தான் கோடு போடுகிறார், ஜேர்சி தோய்க்கிறார், காயப்பட்ட பெடியனைத் தன் மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றுகிறார். பெரிய நாளில் அவர் தலையில் விலையைக் கட்டினால் சின்ன நாட்களில் அதற்கு வட்டி கட்டுவீர்கள்.

அதற்காக 100 ரூபாவில் அசையாமல் இருக்கச் சொல்லவில்லை. நின்று பார்க்க 150 வையுங்கள். கூட்டிய 50 ரூபா படங்குக்கும் ஒலிபெருக்கிக்கும் என்று நோட்டீசிலேயே எழுதுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 50. பந்தல் நிழலில் 150 கதிரை போட்டு அதற்கு 500 கேளுங்கள், அதைக் கடைக்காரரும் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்களும் வாங்குவார்கள், அவர்களுக்கு அது பெருமையும்கூட. பெரியவர்கள் 1,050 பேர், பிள்ளைகள் 300 பேர், கதிரையில் 150 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதே 1,500 தலைதான். கூட்டிப் பார்த்தால் 2,47,500 ரூபா. பொருளாளரின் 500 ரூபாத் திட்டத்தைவிடக் கூட, வேலிக்கு வெளியிலும் ஆள் இல்லை. வருடம் முழுக்க லீக் மெட்சுக்கு வந்தவர்களுக்கு ஒரு நாள் முந்தி விற்பனையைத் திறவுங்கள். அறிவித்த விலையை மெட்ச் அன்று தொடவே கூடாது.

தலைவருடைய உண்டியல் நல்ல மனதுதான். ஆனால் இலவசம் என்றால் உள்ளே எத்தனை பேர் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரே ஒரு கேட் உள்ள மைதானத்தில் அது ஆபத்து. உண்டியலை இடைவேளையில் சுற்ற விடுங்கள்.

கேள்வி: மீன் குறைந்தால் மீன் விலை ஏறுகிறது, யாரும் அநியாயம் என்று கத்துவதில்லை. கேள்வி (வாங்கக் கேட்பவர் தொகை) கூடினால் விலை கூடும் என்பது பொருளியலின் முதல் பாடம். டிக்கெட்டுக்கு மட்டும் ஏன் இந்த ஒப்பாரி?
(உயர்தரப் பொருளியல் ஆசிரியர், களுவாஞ்சிகுடி)

பதில்: சேர், பாடம் சரி, ஆனால் உங்கள் துறையில் உள்ளவர்களே இதைச் சனங்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். கானெமன் என்ற உளவியலாளரும் நெட்ச், தேலர் என்ற இரண்டு பொருளியலாளர்களும் கனடாவில் தொலைபேசியில் நடத்திய ஆய்வு, 1986இல் வெளிவந்தது. அதில் ஒரு கேள்வி: பனி வாரும் சவளை 15 டொலருக்கு விற்ற கடைக்காரர் பெரும் பனிப்புயலுக்கு மறுநாள் 20 ஆக்குகிறார், சரியா? 82 வீதமானோர் அநியாயம் என்றார்கள். கடைக்காரருக்குக் கொள்முதல் விலை கூடியதால் விலை ஏறினால் சனம் பொறுத்துக்கொள்கிறது, எங்கள் தேவையைக் கண்டு ஏற்றினால்தான் கசக்கிறது. மீனுக்கும் டிக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. வலையில் மீன் படாததற்கு மீன்காரர் என்ன செய்வார்? 1978 நவம்பர் 23 சூறாவளிக்குப் பிறகு எந்தக் கடை தகரத்தைப் பழைய விலைக்குத் தந்தது, எந்தக் கடை தரவில்லை என்று என் அம்மா கடைசிவரை கணக்கு வைத்திருந்தார். அந்த இரண்டாவது கடையில் எங்கள் வீட்டில் யாரும் ஒரு ஆணிகூட வாங்கியதில்லை.

அதே ஆய்வில் உதைபந்தாட்ட டிக்கெட்டைப் பற்றியும் ஒரு கேள்வி இருந்தது. கேட்பவர் அதிகம், டிக்கெட் குறைவு, ஏலம் விடுவதா, சீட்டுக் குலுக்குவதா, வரிசையில் வந்தவருக்குக் கொடுப்பதா? மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் வரிசைதான் நியாயம் என்றார்கள். ஏலத்தை மிக மோசமென்று ஒதுக்கினார்கள். வரிசைக்கும் ஒரு விலை உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும்: செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கவுண்டரைத் திறந்தால் வயலுக்கும் கடலுக்கும் போகிறவர் எப்படி வருவார்? பின்னேரம் ஆறிலிருந்து ஒன்பது வரை விற்றால் அதுவும் சரியாகிவிடும்.

கொதித்தால் சனம் என்ன செய்யும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2016 பெப்ரவரியில் இங்கிலாந்தின் லிவர்பூல் அணி 77 பவுண் டிக்கெட் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. சண்டர்லாந்துடனான மெட்சில் சரியாக 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் எழுந்து வெளியே போனார்கள். அப்போது லிவர்பூல் 2–0 முன்னால். பிறகு சண்டர்லாந்து இரண்டு கோல் அடித்து 2–2. ரசிகர் போனதால்தான் கோல் விழுந்தது என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் சில நாட்களுக்குள் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைக் கைவிட்டார்கள். அதே மாதம் ஜேர்மன் கிண்ணப் போட்டியில் டோர்ட்முண்ட் ரசிகர்கள் ஸ்டுட்கார்ட்டின் டிக்கெட் விலையை எதிர்த்து மைதானத்துக்குள் டெனிஸ் பந்துகளை எறிந்தார்கள். நம்மூரில் என்ன எறிவார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை.

கேள்வி: வருகிற கழகம் கேட் காசில் பாதி கேட்கிறது. மைதானம் எங்களுடையது, உழைப்பும் எங்களுடையது. கொடுக்கத்தான் வேண்டுமா?
(கல்முனை வாசகர்)

பதில்: உங்கள் போட்டியின் விதிக்கோவையில் என்ன இருக்கிறதோ அதுதான் முடிவு, முதலில் அதை எடுத்து வாசியுங்கள். இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ண நொக் அவுட் போட்டியின் பிரதான சுற்றுகளில் செலவு போக மிஞ்சும் கேட் காசில் இரு கழகத்துக்கும் 45 வீதப்படி, மிச்சம் 10 வீதம் பொது நிதிக்கு என்பது நெடுநாள் வழக்கம். டிக்கெட் விலையையும் இரண்டு கழகமும் பேசி ஒத்துக்கொள்ளவேண்டும். எனக்கு அந்த இரண்டாவது விஷயம்தான் பிடிக்கும், பங்கு கேட்கிறவன் விலைக்கும் கையெழுத்து வைக்கவேண்டும். “செலவு போக” என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். படங்குச் செலவைக் கழித்துவிட்டுத்தான் பாதி.

கேள்வி: கத்தாரில் வேலை செய்கிறேன். ஊர்க் கழகத்தின் பெரிய மெட்சுக்கு வர லீவு இல்லை. நாங்கள் நாலைந்து பேர் இருக்கிறோம், ஏதாவது செய்யலாமா?
(ஆரையம்பதி வாசகர், தோஹாவிலிருந்து)

பதில்: செய்யலாம் தம்பி. 2021 ஜனவரியில், இங்கிலாந்து லீக் வரிசையில் எட்டாம் படியில் இருந்த மரைன் என்ற சின்னக் கழகத்தின் மைதானத்துக்கு எஃப்.ஏ. கிண்ணத்துக்காக முதல் படியில் இருந்த டொட்டன்ஹாம் வந்தது. அந்த மைதானம் ஏறத்தாழ 3,000 பேர்தான் கொள்ளும். கொவிட் காலம், ரசிகர்களுக்கு அனுமதி இல்லை, வாழ்நாளில் ஒரு தடவை வருகிற வருமானம் போயிற்று என்று எல்லாரும் நினைத்தார்கள். கழகம் 10 பவுண் விலையில் உள்ளே விடாத டிக்கெட் ஒன்றை விற்றது, வெறும் ஆதரவு டிக்கெட். 30,000க்கு மேல் விற்றது. டொட்டன்ஹாம் ரசிகர்களே நிறைய வாங்கினார்கள். வாங்கியவர்களில் சீட்டுக் குலுக்கி, வென்றவருக்கு லீக் பருவம் தொடங்குமுன் நடக்கும் மெட்ச் ஒன்றில் அணியை நடத்தும் வாய்ப்பு என்று அறிவித்தார்கள். மெட்சில் 5–0 தோல்வி, அதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. மைதானத்தை ஒட்டிய வீட்டுக்காரர்கள் பின்வளவில் நின்று பார்த்தார்கள், நம்மூர்க் காட்சிதான். நீங்கள் நாலைந்து பேரும் ஆளுக்குப் பத்துப் பள்ளிக்கூட டிக்கெட்டின் காசை அனுப்புங்கள், டிக்கெட்டின் பின்பக்கம் “தோஹாவிலிருந்து” என்று ஒரு முத்திரை குத்தி பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பெண்களுக்கு இலவசம் என்று போட்டால் நாங்களும் வருவோமா?
(கல்லடி வாசகி)

பதில்: தங்கச்சி, நீங்களே கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள், பதில் உங்களுக்குத் தெரியும். 150 ரூபா தடையல்ல. மலசலகூடம், உட்கார ஒரு பக்கம், மெட்ச் முடிந்து போகும்போது வழியில் வெளிச்சம், இந்த மூன்றும் இருந்தால் காசு கொடுத்தே வருவீர்கள். கழகங்கள் இதைச் செய்யாமல் இலவசம் என்று நோட்டீஸ் அடிப்பது மலிவான வேலை.

கேள்வி: ஓசிப் பாஸ் யாருக்குக் கொடுக்கலாம்?
(செங்கலடி வாசகர்)

பதில்: கோடு போடுகிறவருக்கு. அப்புறம் ஜேர்சி தோய்க்கிறவருக்கு. மேடையில் உட்கார வருகிற பிரமுகர்கள் 500 ரூபாக் கதிரை வாங்கட்டும், படத்தோடு பத்திரிகையில் வரும்.

கேள்வி: மைதானத்துக்கு வெளியே நிற்கிற மரத்தில் ஏறிப் பார்ப்பவர்களிடம் காசு கேட்கலாமா?
(பெயர் எழுதாத வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: மரம் யாருடையது? கோயில் வளவில் நின்றால் நீங்கள் பேசவேண்டியது கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடம், அவர் உங்களிடமே வாடகை கேட்கவும் கூடும். உண்டியலை ஒரு கயிற்றில் கட்டி மேலே அனுப்பிப் பாருங்கள், இரண்டு மூன்று நோட்டாவது விழும். புளியமரம் என்றால் பயமில்லை. முருங்கையில் ஏறினால் மட்டும் இறக்கிவிடுங்கள்.