வாசகர் கேள்வி – பதில்: தீம் பார்க் காய்கறி சாண்ட்விச்

தீம் பார்க் உணவகங்களில் கிடைக்கும் சுட்ட காய்கறி சாண்ட்விச் எப்படி இருக்கிறது என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். கத்திரிக்காய், சுக்கினி (வெள்ளரி போலத் தோன்றும் பூசணி வகைக் காய்), சிவப்புக் குடமிளகாய், சீஸ், பெஸ்டோ (இத்தாலியத் துளசியும் எண்ணெயும் சீஸும் சேர்த்து அரைத்த விழுது) வைத்து சியாபட்டா என்ற இத்தாலிய ரொட்டியில் தருவார்களே, அதுதான். “அருமை” என்று எழுதியவர்களும் உண்டு. “பாதியில் வைத்துவிட்டு எழுந்தோம்” என்று எழுதியவர்களும் உண்டு. கருத்தோடு கேள்வியும் அனுப்பியவர்களுக்கு இங்கே பதில்.

கேள்வி: ஒரே உணவகம், ஒரே சாண்ட்விச். காலை பதினொரு மணிக்குச் சாப்பிட்டபோது நன்றாக இருந்தது. மறுநாள் மதியம் ஒன்றரைக்கு வாங்கினால், அடி ரொட்டி சொதசொதவென்று ஊறிப் பிய்ந்து கையோடு வந்துவிட்டது. சமையல்காரர் மாறிவிட்டாரா?

பதில்: அவர் மாறியிருக்க வேண்டியதில்லை. சாண்ட்விச் காத்திருந்த நேரம் மாறியிருக்கும்.

கத்திரிக்காயின் எடையில் சுமார் 92 சதவீதம் தண்ணீர். சுக்கினியில் சுமார் 95. சுடும்போது காயின் திசு தளர்ந்துவிடுவதால், அடுப்பிலிருந்து எடுத்த பிறகும் நீர் கசிந்துகொண்டே இருக்கும். மதியக் கூட்டத்தைச் சமாளிக்க, வரிசை நீளும் முன்பே சாண்ட்விச்சுகளை அடுக்கித் தாளில் சுற்றி, சூட்டு விளக்கின் கீழோ சூட்டுப் பெட்டியிலோ வைத்துவிடுவது பெரிய சமையலறைகளின் வழக்கம். உள்ளே எழும் ஆவிக்கு வெளியேற வழியில்லை. தாளில் பட்டு நீராகி ரொட்டிக்குள்ளேயே இறங்குகிறது. மேல் ரொட்டிக்கு ஆவி மட்டும்தான். அடி ரொட்டிக்கோ ஆவியோடு, காயிலிருந்து வடியும் சாறும் பெஸ்டோவின் எண்ணெயும் சேர்ந்துகொள்கின்றன. எப்போதும் அடி ரொட்டியே முதலில் கெடுவது இதனால்தான்.

தாளைப் பிரித்ததும் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து மேலே எழும்பாமல் அப்படியே நின்றால், ரொட்டியின் உட்புறம் பசைபோல மினுங்கினால், அது நெடுநேரம் காத்திருந்த சாண்ட்விச். தயங்காமல் மாற்றித் தரச் சொல்லலாம்.

வாங்கும்போதே தவிர்க்கவும் வழி உண்டு. கூட்டம் சேரும் முன், அல்லது கூட்டம் கலைந்த பிறகு போங்கள். “சாஸ் தனியாக வேண்டும்” என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால், ஏற்கெனவே கட்டி வைத்ததைத் தர முடியாது, புதிதாகத்தான் அடுக்க வேண்டும். செயலி வழியாக ஆர்டர் செய்கிறீர்கள் என்றால், “தயார் செய்யலாம்” என்ற பொத்தானை உணவகத்தின் வாசலுக்கு வந்த பிறகு அழுத்துங்கள். கைக்கு வந்ததும் தாளைப் பிரித்து, சாண்ட்விச்சைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். அதுவரை அவ்வளவாக ஊறாத மேல் ரொட்டி அடியில் வந்து, வடியும் சாற்றைத் தாங்கிக்கொள்ளும்.

கேள்வி: காய் நன்றாகத்தான் இருந்தது, ரொட்டிதான் ரப்பர். கடித்து இழுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் பின்பக்கமாக வழுக்கி வெளியே வருகிறது.

பதில்: சியாபட்டாவின் மேல்தோல் கெட்டி. சுட்ட குடமிளகாயும் கத்திரிக்காயும் வழுவழுப்பானவை. தோல் அறுபடும் முன்பே உள்ளிருப்பது நகர்ந்துவிடுகிறது. இந்தச் சேர்மானத்துக்கு மிருதுவான ஃபொகாச்சியா ரொட்டிதான் பொருத்தம் என்பது எங்கள் கருத்து. ரப்பர் போல ஆனதற்கு மைக்ரோவேவ் காரணமாக இருக்கலாம். அதில் சூடாக்கிய ரொட்டி முதலில் மெத்தென்று இருந்து, ஆறியதும் இறுகிவிடும். “கல்லில் வாட்டித் தர முடியுமா?” என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பட்டியலில் ‘காய்கறி’ என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? நாங்கள் முட்டையும் சாப்பிடுவதில்லை.

பதில்: வேண்டாம். நான்கு இடங்களில் கவனம் தேவை.

முதலாவது சீஸ். பார்மிஜானோ ரெஜியானோ என்ற பெயரில் விற்கப்படும் சீஸில் பாலைத் திரிக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைத்தான் சேர்க்க வேண்டும் என்பது அதன் தயாரிப்பு விதி. முறைப்படி செய்த ஜெனோவா பெஸ்டோவில் இந்தச் சீஸ் உண்டு. ஆகவே, சீஸ் துண்டை எடுத்துவிடச் சொன்னாலும் பெஸ்டோ வழியாக அது வந்துவிடும். மொஸரெல்லா, செடார் போன்றவற்றை நுண்ணுயிர் ரென்னெட்டில் செய்வதும் உண்டு. பாக்கெட்டில் உள்ள சேர்மானப் பட்டியலைக் காட்டச் சொல்லலாம்.

இரண்டாவது மயோனைஸ். வழக்கமான மயோனைஸ் முட்டை மஞ்சள் கரு இல்லாமல் வராது. ‘அயோலி’, ‘ஸ்பெஷல் சாஸ்’ என்று பெயர் மாறியிருந்தாலும் பெரும்பாலும் அடிப்படை அதுவே. வூஸ்டர்ஷயர் சாஸ் கலந்திருந்தால் நெத்திலி மீனும் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

மூன்றாவது சுடும் கல். இறைச்சி சுட்ட அதே கல்லில், அதே கரண்டியால் உங்கள் காயையும் புரட்டலாம். “தனிக் கல்லில், அல்லது கழுவிய தட்டில் அடுப்புக்குள் வைத்துச் சூடாக்கித் தர முடியுமா?” என்று கேளுங்கள். பல இடங்களில் காயைக் காலையிலேயே சுட்டுக் குளிரில் வைத்திருப்பார்கள். அவர்களுக்கு இது சிரமமே இல்லை. கூடவே வரும் உருளைக்கிழங்கு வறுவலை மறந்துவிடாதீர்கள்: கோழி பொரித்த எண்ணெயா என்பது தனிக் கேள்வி.

நான்காவது, பட்டியலில் உள்ள குறிகள். டிஸ்னி வேர்ல்டு உணவகங்களில் 2019 முதல் ஓர் இலைக் குறியைப் பார்க்கலாம். இறைச்சி, பால், முட்டை, தேன் சேர்க்காத உணவு என்று அதற்குப் பொருள். சேர்மானம் பற்றிய கவலையை அது தீர்க்கும். கல்லையும் எண்ணெயையும் பற்றி நீங்கள்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேள்வியைப் பணம் வாங்குபவரிடம் நிறுத்தாமல், சமையலறைப் பொறுப்பாளரை அழைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் மறுபடி பசி. ஏன்?

பதில்: புரதம் இல்லை. 120 கிராம் சுட்ட சுக்கினியிலும் குடமிளகாயிலும் சேர்த்து 2 கிராம்கூடத் தேறாது. போர்டபெல்லோ காளானை முழுதாக வைத்துத் தந்தாலும் கதை கிட்டத்தட்ட அதேதான். இறைச்சியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஈடாக எதையும் வைக்காத சாண்ட்விச் இது. 30 கிராம் சீஸ் சேர்த்தால் 6, 7 கிராம் புரதம் கூடும். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 9 கிராம் இருக்கிறது. அதை அரைத்துச் செய்யும் ஹம்மஸ் விழுது தடவக் கிடைத்தால் விடாதீர்கள். பசி தாங்க வேண்டும் என்றால், பட்டாணி அல்லது சோயாப் புரதத்தில் செய்த பேட்டி (பர்கரில் வைக்கும் தட்டையான வட்டத் துண்டு) வைத்த சாண்ட்விச்சே மேல். 113 கிராம் பேட்டியில் 20 கிராம் அளவுக்குக் கிடைக்கும்.

கேள்வி: இதையே வீட்டில் ஊறாமல் செய்வது எப்படி?

பதில்: நான்கு சாண்ட்விச்சுக்கு அரைக்கிலோ காய். கத்திரிக்காயையும் சுக்கினியையும் 8 மில்லிமீட்டர் கனத்தில் நீளவாக்கில் அரியுங்கள். அதைவிட மெல்லியதாக இருந்தால் கூழாகும். தடிமனாக இருந்தால் நடுவில் வேகாது. அரை டீஸ்பூன் உப்பைத் தூவி 30 நிமிடம் சல்லடையில் வையுங்கள். வழிந்த நீரைக் கொட்டிவிட்டு, துணியால் ஒவ்வொரு துண்டையும் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு கல்லில் போட்டால் காய் சுடுபடாது, அவியும்.

கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் காயில் தடவி, பக்கத்துக்கு 3, 4 நிமிடம் சுடுங்கள். எடுத்ததும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம். பலரும் தவறுவது இங்கேதான். கம்பித் தட்டில் பரப்பி, ஆவி அடங்கும்வரை பத்து நிமிடம் ஆறவிடுங்கள். குடமிளகாயைத் தோல் கருகச் சுட்டு, மூடி வைத்து, உரித்து, கால் மணி நேரம் வடியவிடுங்கள். உள்ளே தேங்கும் சாறு கொஞ்சநஞ்சமல்ல.

ரொட்டியின் வெட்டிய பக்கத்தை மட்டும் பொன்னிறமாக வாட்டுங்கள். ஆறியதும் இரண்டு பக்கமும் வெண்ணெயோ கெட்டியான ஹம்மஸோ விளிம்புவரை தடவுங்கள். தடவாமல் விட்ட ஓரத்தில்தான் ஈரம் ஏறும். அடியில் சீஸ், அதன்மேல் கத்திரிக்காய், சுக்கினி, பிறகு குடமிளகாய், உச்சியில் கீரை இலை. பெஸ்டோ ஒரு டீஸ்பூன் போதும், அதுவும் காய்களுக்கு நடுவில்.

கேள்வி: பாதியைக் கட்டிக்கொண்டு போய்ச் சாயங்காலம் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

பதில்: குளிர்பை இல்லாமல் கூடாது. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். வெளியே வைத்த உணவுக்கு இரண்டு மணி நேரம்தான் கெடு. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். பனிக்கட்டிப் பொதியோடு மூடிய பையில் வைத்தால் தாங்கும். வாங்கியவுடனேயே குழந்தையின் பங்கை வெட்டி உள்ளே வைத்துவிடுங்கள். கடித்த மிச்சத்தைக் கட்ட வேண்டாம்.